எழுதிவைத்த இனிப்பும் எழுதாத குழம்பும்

பெரியம்மாவின் சமையல் நோட்டில் அதிரசம் மூன்று இடங்களில் வருகிறது. மைசூர்பாகு இரண்டு இடங்களில். கோதுமை அல்வா, முந்திரிக்கொத்து, தேங்காய் பர்பி, ரிப்பன் பக்கோடா, தேன்குழல், ‘கேக் (முட்டை போட்டது)’, ‘கேக் (முட்டை போடாதது)’ எல்லாம் உண்டு. புளிக்குழம்பு இல்லை. ரசம் இல்லை. அவர் வாரம் தவறாமல் செய்த உளுந்தஞ்சோறு இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்ள அரைத்த எள்ளுத் துவையலும் இல்லை. திருநெல்வேலிக்காரர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் எழுதிய நோட்டில் உளுந்தஞ்சோறு இல்லை என்றால், அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை அந்த நோட்டிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

உறவினர் வீடுகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் இப்படிப்பட்ட நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஊர் மாறும், சாதி மாறும், கையெழுத்து மாறும்; இந்த ஒரு குணம் மட்டும் மாறுவதில்லை. பாதிக்கு மேல் இனிப்பும் பலகாரமும். மீதியில் பெரும்பகுதி ஊறுகாய், வடாம், பொடி வகைகள். அன்றாடச் சாப்பாடு அநேகமாக இருக்காது. இந்த நோட்டுகளை ஒரு வீடு உண்டதன் பதிவு என்று எண்ணிப் படித்தால் ஏமாந்துபோவோம். அந்த வீட்டுப் பெண் எதை மறந்துவிடுவோம் என்று அஞ்சினாரோ அதன் பதிவு அது. மறக்க முடியாததை அவர் எழுதவில்லை. எழுதாததுதான் இன்று நம்மிடம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் இனிப்பு? குழம்பைத் திருத்தலாம், பாகைத் திருத்த முடியாது என்பது முதல் காரணம். புளி ஏறிவிட்டால் ஒரு துண்டு வெல்லம் போடலாம். காரம் ஏறினால் தேங்காய்ப்பால் ஊற்றலாம். நீர்த்திருந்தால் அரிசிமாவைக் கரைத்துவிடலாம், இறுகினால் வெந்நீர் விடலாம். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, அடுப்பிலிருந்து இறக்கும்வரை சரிசெய்துகொண்டே இருக்கலாம். மைசூர்பாகில் அந்த வசதி கிடையாது. கடலைமாவைக் கொட்டிய பிறகு பாகு முற்றியிருந்தது என்று தெரிந்தால் கல்லாகத்தான் வரும். இளகியிருந்தது என்று தெரிந்தால் துண்டு போட முடியாமல் களியாக நிற்கும். சர்க்கரையும் நெய்யும் விலை அதிகம். வீணானால் மனசு அடித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தத் தவறு நேராமலிருக்க ஒரு வரி எழுதிவைக்கத் தோன்றும்.

இரண்டாவது காரணம் காலம். குழம்பை ஆண்டில் இருநூறு முறை வைக்கிறோம். கைக்குத் தானாக வந்துவிடும். அதிரசத்துக்குத் தீபாவளிதான். முந்நூற்று அறுபத்தைந்து நாள் கழித்து ஒரு நாள் செய்யும் வேலையைக் கை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பாகில் நடப்பது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெறும் தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. சர்க்கரை கரைந்த தண்ணீர் அதற்கு மேலான வெப்பத்தில்தான் கொதிக்கும். நீர் ஆவியாகப் போகப் போகக் கரைசலில் சர்க்கரையின் பங்கு கூடுகிறது, கொதிக்கும் வெப்பமும் ஏறுகிறது. 113 டிகிரியை ஒட்டி வரும்போது கரைசலில் 100க்கு ஏறக்குறைய 85 பங்கு சர்க்கரை இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் உருளும், அழுத்தினால் அமுங்கும். 120ஐத் தாண்டினால் உருண்டை கெட்டிப்படும். 150ஐ நெருங்கினால் தட்டில் போட்டதும் சத்தம் கேட்கும், ஒடித்தால் ஒடியும். தண்ணீரில் விரலை விட்டு உருட்டிப் பார்க்கும் பெண் அளப்பது பாகில் எஞ்சியிருக்கும் நீரைத்தான். ஆரம்பத்தில் மெதுவாக ஏறும் இந்த வெப்பம், நீர் குறையக் குறைய வேகமெடுக்கும். கடைசி ஒரு நிமிடத்தில் ஒரு பதம் அடுத்த பதமாகிவிடும். பாகு அடுப்பில் இருக்கும்போது பெரியம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாசலில் தபால்காரர் நின்றாலும் நிற்க வேண்டியதுதான்.

வெல்லம் இன்னும் சிக்கலானது. ஆலைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்கவும் சுக்ரோஸ். வெல்லத்தில் அதோடு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், தாதுப்பொருள்கள், ஈரம் எல்லாம் கலந்திருக்கும். கரும்பு விளைந்த மண், வெட்டிய பருவம், காய்ச்சியவர் சேர்த்த சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றாலும் அந்தக் கலப்பு மாறும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பாகு பூத்துப்போகாமல் தடுப்பவை. காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்பவை. அதிரசம் பத்து நாள் கழித்தும் மெத்தென்று இருப்பதற்கு இவை துணைசெய்கின்றன. எல்லா வெல்லமும் ஒரே மாதிரிப் பாகு கொடுப்பதில்லை என்பதால்தான் தீபாவளிச் சமயத்தில் கடையில் ‘பாகு வெல்லம்’ என்று தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள்.

இப்போது அந்த மூன்று அதிரசங்களைப் படிக்கலாம். முதல் இடத்தில் அளவு மட்டும் இருக்கிறது: அரிசி முக்கால் படி, வெல்லம் அரை வீசை, ஏலக்காய் ஓரணாவுக்கு. சில பக்கங்கள் தள்ளி, வேறு மையில்: ‘போன தடவை எண்ணெயில் பிரிஞ்சு போச்சு. பாகு இன்னும் ஒரு கொதி. மாவு ரொம்பக் காயக் கூடாது, பிடிச்சாப் பிடிபடணும்.’ மூன்றாவது இடத்தில் ஒரே வரி: ‘புது வெல்லம், பாகு சீக்கிரம் வரும், பார்த்துக்க.’ ஒரே பண்டத்தை மூன்று முறை எழுதியது மறதியால் என்று நான் முதலில் நினைத்தேன். உண்மையில் அது மூன்று ஆண்டுகளின் சோதனைக் குறிப்பு. ஒரு முறை தவறியது, அதற்கான காரணத்தை ஊகித்தது, மாற்றிச் செய்தது, பொருள் மாறும்போது முடிவும் மாறும் என்று கண்டது. பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் குறிப்பேட்டில் செய்வதைத்தான் அடுப்படியில் செய்திருக்கிறார்.

‘பாருங்கள்’ என்று பொதுவில் யாருக்கோ சொல்லாமல் ‘பார்த்துக்க’ என்று தனக்கே சொல்லிக்கொண்டதையும் கவனிக்க வேண்டும். இந்த நோட்டுகள் இன்னொருவர் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. அதனால்தான் செய்முறை பெரும்பாலும் இல்லை. அளவும் பதமும் மட்டும் இருக்கும்.

பதம் என்ற சொல்லின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஏர் பூட்டுவதற்கு முன் நிலத்தில் ஈரப் பதம் பார்ப்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சமையல் நோட்டில் இந்தச் சொல் டிகிரியும் நிமிடமும் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் செய்கிறது. கம்பிப் பதம், இரட்டைக் கம்பி, தக்காளிப் பதம், உருட்டுப் பதம், குலாப்ஜாமூனுக்குப் பிசுக்குப் பதம், பொரிவிளங்காய்க்கும் கடலை உருண்டைக்கும் கல்லுப் பாகு. இவை பாகின் பதங்கள். காரப் பண்டங்களின் பதம் வேறு புலன்களுக்கு உரியது. உளுந்து வடை மாவை ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரைப்பில் காற்று போதிய அளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ரசம் நுரை கூடி மேலே வரும்போது இறக்க வேண்டும், தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. சாம்பாரில் பொடியின் பச்சை வாசனை போக வேண்டும். முறுக்குக்குக் காதுதான் கருவி. எண்ணெயில் விழுந்ததும் எழும் சலசலப்பு, மாவிலிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. அது அடங்கும் நேரம் முறுக்கு ஈரம் வற்றி மொறுமொறுப்பாகும் நேரம். ‘சத்தம் அடங்கினதும் எடு’ என்று பெரியம்மா எழுதியிருப்பதைவிடத் துல்லியமான ஒரு குறிப்பை எண்களில் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுப்பின் தீ, எண்ணெயின் அளவு, முறுக்கின் கனம் எது மாறினாலும் நிமிடக் கணக்கு பொய்த்துப்போகும், ஓசை பொய்க்காது.

ஆனால் எழுதிவைத்த அளவுகள் பொய்த்துப்போயின. முக்கால் படி அரிசி என்றால் எவ்வளவு? ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்பது பொதுக் கணக்கு. ஆனால் சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று படியே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. எடையில் இந்தக் குழப்பம் குறைவு. சென்னை மாகாணத்தில் ஒரு வீசைக்கு 40 பலம், ஒரு பலத்துக்கு 3 தோலா. பலம் ஏறக்குறைய 35 கிராம், வீசை ஏறக்குறைய 1.4 கிலோ. ஆக அரை வீசை வெல்லம் என்பது 700 கிராம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் முறை வந்தது; 1958 அக்டோபர் முதல் படிப்படியாகப் புகுந்து 1962இல் கிலோகிராம் கட்டாயமானது. நோட்டில் அந்த மாற்றம் நடக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டலாம். ஒரு பக்கத்தில் பலம். அடுத்த சில பக்கங்களில் பலமும் கிராமும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று அடித்து ஒன்று எழுதி. பிறகு கிராம் மட்டும். ஆழாக்கு கடைசிவரை போகவில்லை, ஏனென்றால் அந்தப் பித்தளை ஆழாக்கு அரிசிப் பானையிலேயே கிடந்தது.

‘ஏலக்காய் ஓரணாவுக்கு’ என்பதுதான் இன்று படிக்க முடியாத அளவு. 1957 ஏப்ரலில் புதிய நாணயம் வந்து அணா போனது, விலையும் போனது. பணத்தையே அளவாக எழுதியவருக்கு அந்த விலை என்றும் மாறாது என்ற நம்பிக்கை இருந்திருக்கிறது. அடுப்பைக் குறித்த வரிகளும் இப்படித்தான் காலத்தைச் சொல்கின்றன. முதல் பக்கங்களில் ‘கொள்ளியை வெளியே இழுத்துவிடு’ என்று இருக்கிறது. நடுவில் ‘ஸ்டவ்வைக் குறை’. கடைசியில் ‘சிம்மில் வை’. தேதி போடாத நோட்டுக்குத் தேதி குறிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. பிரஷர் குக்கர் இந்தியாவில் 1959 முதல் தயாரிக்கப்பட்டது. முட்டை போடாத கேக்கின் குறிப்பில் ‘குக்கரில் மணல் பரப்பி, வெயிட் போடாமல்’ என்று இருப்பதால் அந்தப் பக்கம் அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அளவை எழுதுவது, முறையை விட்டுவிடுவது என்ற இந்தப் பழக்கம் வீட்டு நோட்டில் தொடங்கியதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் படையலுக்கான அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, சீரகம், கடுகு, புளி, சர்க்கரை ஆகியவற்றைக் கணக்கோடு சொல்கின்றன. திருமலை திருப்பதியின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, தோசைப்படி என்று படையல்கள் பெயரோடு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு சர்க்கரை வழங்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. பாகை எந்தப் பதத்தில் இறக்குவது என்று கல்லில் வெட்டவில்லை. பொருளுக்குக் கணக்குக் கேட்பார்கள், பக்குவத்துக்கு மடைப்பள்ளியில் ஆள் இருந்தது. அந்த ஆளின் கை அடுத்த ஆளின் கைக்கு அதைக் கொடுத்துக்கொண்டே வந்தது. கல்வெட்டுப் பட்டியல்களில் மிளகாய் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போர்த்துக்கீசியரின் கடல்வழிக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த காய் அது. நமக்கு முன்பே தெரிந்த மிளகின் பெயரை அதற்குக் கொடுத்துக்கொண்டோம். திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் மிளகாயை விலக்கி மிளகையே சேர்ப்பது, எழுதாமலேயே காக்கப்பட்ட ஒரு பழைய சமையல் குறிப்பு.

பெரியம்மாவின் நோட்டு இவ்வளவு விதமாக ஆனதற்குக் காரணம் அவர் வாழ்ந்த இடம். பெரியப்பாவுக்கு வேலை திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்டு 1928இல் இயங்கத் தொடங்கியது. வேலையோடு ஆட்களும் வந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த குடும்பங்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், மலையாளிகள், ஆங்கிலோ இந்தியர்கள் என்று ஒரே சுற்றில் குடியிருந்தார்கள். கிராமத்தில் இருந்திருந்தால் பெரியம்மாவுக்கு இத்தனை அடுக்களைகள் தெரிந்திருக்க வழியில்லை. நோட்டில் பல குறிப்புகளுக்குத் தலைப்பே அதைச் சொன்ன வீடுதான்: ‘கார்டு வீட்டு அக்கா சொன்ன தம்ரூட்’, ‘மூணாம் நம்பர் வீட்டு மாமி மோர்க்குழம்பு’, ‘டிரைவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கல்கல்’.

கல்கல் மாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவார்கள். கோவாவிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் கிறிஸ்துமஸ் பலகாரம் அது. ஆங்கிலோ இந்தியர்கள் ரோஸ் குக்கி என்றும் மலையாளிகள் அச்சப்பம் என்றும் சொல்வதை நாம் அச்சு முறுக்கு என்கிறோம். பெரியம்மாவின் நோட்டில் அதற்குக் கீழே ‘அவங்க முட்டை போடுவாங்க, நான் தேங்காய்ப்பால்’ என்று இருக்கிறது. ‘அச்சு எண்ணெயிலேயே கிடந்து காயணும், மாவில் முக்கால் வரை முக்கணும், மேலே ஏறினா விடாது’ என்பதும் அங்கேதான் இருக்கிறது. தம்ரூட் தமிழ் முஸ்லிம் வீடுகளின் இனிப்பு. ரவை, பால், முட்டை, நெய், சர்க்கரை எல்லாம் சேர்த்துக் கிளறி, மூடியின் மேல் தணல் போட்டு மேலும் கீழும் வேகவைத்து எடுப்பது.

முட்டை நுழையாத சைவ வீடு அது. தம்ரூட்டையும் முட்டை கேக்கையும் பெரியம்மா ஒரு நாளும் செய்ததில்லை. செய்யப்போவதில்லை என்று தெரிந்தும் முட்டை எத்தனை, எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பது உட்பட முழுசாக எழுதியிருக்கிறார். ஒருவர் வாய் திறந்து சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்வது அவருக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருப்பாரோ? தான் உண்ணாத உணவை இழிவாக எண்ணாத ஒருவர்தான் அதை இப்படிப் பொறுமையாக எழுதிவைப்பார். சமையல் குறிப்பு என்பதைத் தாண்டி அந்தப் பக்கங்கள் எனக்கு ஒரு குடியிருப்பின் வரலாறாகத் தெரிகின்றன.

அவர் பிறந்த மண்ணின் பண்டங்களில் ஒன்றுதான் நோட்டில் விரிவாக இருக்கிறது: முந்திரிக்கொத்து. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் செய்வார்கள். பெயரில்தான் முந்திரி, பண்டத்தில் கிடையாது. பாசிப்பயறை வறுத்து உடைத்து, வெல்லப் பாகில் தேங்காயோடு சேர்த்து உருட்டி, இரண்டு மூன்று உருண்டைகளை ஒன்றாக அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. அந்தக் குலையைப் பார்த்து வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதுவும் பாகு சேரும் பண்டம், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்வது. அதனால் எழுத்தில் வந்துவிட்டது.

இந்த வழக்கத்துக்கு நேர் எதிரான ஒரு புத்தகம் 1951இல் சென்னையில் வெளிவந்தது: எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். நன்றாகச் சமைப்பவர் என்று பெயர் பெற்றதால், உறவுப் பெண்கள் வெளியூர்களிலிருந்து குறிப்புக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். தனித்தனியாகப் பதில் போடுவதற்குப் பதிலாகப் புத்தகமாகவே எழுது என்று சொன்னவர் அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். தமிழகத்தில் உணவுக் கட்டுப்பாடு அமலில் இருந்த காலம் அது; ராஜாஜி முதலமைச்சராகி அதை நீக்கியது 1952இல்தான். அந்தச் சமயத்தில் நெய்யும் சர்க்கரையும் நிறையக் கேட்கும் பண்டங்களையும் எழுதி அச்சிட்டதற்குத் துணிவு வேண்டும்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் பெருமை இனிப்புகளில் இல்லை. வீட்டு நோட்டுகள் விட்டுவிட்டவற்றை அது எழுதியது. சாம்பார், குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், இட்லி, தோசை என்று ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து சொன்னது. காரணம் அதன் வாசகி. தாயும் மாமியாரும் பக்கத்தில் இல்லாமல் பம்பாயிலோ டெல்லியிலோ கணவனின் வேலையூரில் தனியாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணுக்கு மைசூர்பாகைவிட ரசம்தான் முதல் பிரச்சினை. கைமாற்றிக் கொடுக்கும் சங்கிலி அறுந்த இடத்தில் அன்றாடச் சாப்பாடு எழுத்துக்கு வந்தது. பின்னாளில் கடல் கடந்து போன பெண்களின் பெட்டியிலும் இந்தப் புத்தகம் போயிற்று. ஆங்கிலத்தில் ‘குக் அண்ட் ஸீ’ என்ற பெயரில் வந்தது. தமிழில் ‘பார்’ என்பது துணைவினை. முயன்று பார், செய்து பார் என்பதுபோல. ஆங்கிலத்தில் அது சமைப்பது, பிறகு காண்பது என்று இரண்டு வேலைகளாகப் பிரிந்துவிட்டது. தவறினாலும் பரவாயில்லை, தொடங்கு என்று தோளில் தட்டும் தொனி தமிழில்தான் இருக்கிறது. மீனாட்சி அம்மாள் 1962இல் காலமானார். அவருடைய ஆழாக்கும் பலமும் பின்வந்த பதிப்புகளில் இக்கால அளவுகளாக மாற்றப்பட்டன.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. ‘சமைத்துப் பார்’ ஒரு பிராமண வீட்டின் சமையல். நீண்ட காலம் அச்சில் ‘தமிழ்ச் சமையல்’ என்று வந்தவற்றில் பெரும்பங்கு இந்த வகைதான். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 9 பேர்கூட இல்லை. சமையல் நோட்டு என்ற ஒன்று இருக்க வேண்டுமானால் அந்தப் பெண் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். மையும் தாளும் வாங்க வசதி இருந்திருக்க வேண்டும். மத்தியானம் அரை மணி நேரம் உட்கார இடம் இருந்திருக்க வேண்டும். கம்பங்கூழும் களியும் கருவாட்டுக் குழம்பும் நத்தையும் ஈசலும் சமைத்த கைகளுக்கு அது வாய்க்கவில்லை. எந்த மீனுக்கு எந்தப் புளிப்பு, எந்தக் கீரை எந்த மாதத்தில் கசக்கும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. அது எந்த நோட்டிலும் ஏறவில்லை. நம் சமையல் வரலாறு என்று எழுதப்படுகிறவற்றில் இந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவாவது குறித்துவைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நோட்டின் பிற்பகுதியில் கையெழுத்து குறைகிறது. பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த குறிப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. மங்கையர் மலர், அவள் விகடனின் ‘30 வகை’ இணைப்புகளும் இடையில் செருகிக் கிடக்கின்றன. அவற்றில் எண்ணெய்க் கறை இல்லை. எந்தப் பக்கத்தில் சமைத்தார், எந்தப் பக்கத்தை ஆசைக்குச் சேர்த்தார் என்பதை அந்தக் கறையே சொல்லிவிடுகிறது. ரிப்பன் பக்கோடாப் பக்கம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். ‘பனீர் பசந்தா’ பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது.

பெரியம்மா வீட்டு அன்றாட உணவுகளில் ஒன்றே ஒன்றுதான் நோட்டில் இடம்பெற்றது: சொதி. தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, இரண்டாம் பாலும் வெந்த பாசிப்பருப்பும் சேர்த்து, முதல் பாலை ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவது. நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு இஞ்சித் துவையலோடு போடுவார்கள். பெரியம்மா எழுதியிருப்பதில் இந்த முறை எதுவும் இல்லை. தலைப்பு ‘சொதி, 50 பேருக்கு’. கீழே தேங்காய் இத்தனை, பருப்பு இத்தனை, முருங்கைக்காய் இத்தனை, பச்சைமிளகாய் இத்தனை என்று ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஐந்து பேருக்கு வைக்க அவருக்குக் கணக்கு தேவைப்படவில்லை. மகள் கல்யாணத்தின்போது கணக்குத் தேவைப்பட்டது, எழுதினார்.

அந்த மகள்தான் இப்போது அந்த நோட்டை வைத்திருக்கும் என் அக்கா. போன ஆண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து புளிக்குழம்பை எழுத்தில் கொண்டுவரப் பார்த்தோம். நோட்டின் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. “புளி எவ்வளவு?” என்றேன். “எலுமிச்சை அளவு.” “எந்த எலுமிச்சை?” அக்கா யோசித்துவிட்டுச் சொல்லாமல் ஜாடிக்குள் கையை விட்டு எடுத்தாள். வாங்கித் தராசில் வைத்தேன். திரும்ப எடுக்கச் சொன்னேன், அதையும் வைத்தேன். மூன்றாம் முறையும். 31, 38, 34 கிராம். மூன்றையும் எழுதி, அவள் சொன்ன சொல்லையும் மேலே எழுதினேன். பழம்புளியானால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றாள், அதையும் எழுதினேன். பிறகு நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு. எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், அது சிவந்ததும் வெங்காயம்.

அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்: “வெந்தயம் சிவக்கணும்னு எழுதிட்டியா?”

“எழுதிட்டேன், அக்கா.”

“எந்தச் சிவப்புன்னு எழுதுன?”